குளவியின் நீலமும் முத்திரையாரின் கதவும்

மறவாமை ஓர் அறம். பெற்ற நன்மையை நெஞ்சிலிருந்து நழுவ விடாதோரை உலகம் அப்பெயரால் வாழ்த்தும். மேடையேற்றி மாலையும் இடும். அவ்வறத்துக்கு மற்றொரு முகமும் உண்டு. இழைக்கப்பட்ட தீங்கைச் சற்றும் சிந்தாமல் காத்து வைத்திருந்து, உரிய நாளில் உரியவர் கையிலேயே திருப்பிக் கொடுப்பது அது. பெரியோர் இதை அவ்வளவாகப் புகழ்வதில்லை. மன்னித்துவிடு என்று சொல்வது அவர்களுக்கு எளிது. பெரும்பாலும் அடி விழுந்தது அவர்கள் முதுகில் அன்று. எதையும் மறவாத இறைவனை நாள்தோறும் பாடித் தொழுகிற நாம், ஓர் எளிய பெண் மறவாதிருந்ததை மட்டும் குறையென்று சொல்வது எங்ஙனம்?

அப்பெண்ணைக் கல்லூரியில் எல்லோரும் குளவி என்றே அழைத்தனர். விலங்கியல் இரண்டாம் ஆண்டு மாணவி. நண்பகல் இடைவேளையில் மற்றவர்கள் உணவகத்தில் கூடிச் சிரித்திருக்க, அவள் ஆய்வுக்கூடத்துப் பின்சுவரோரம் கழுத்தை நிமிர்த்தி நின்று, சன்னல் விளிம்பில் மண்குளவி கூடு கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இடை நூலாய் மெலிந்து, கரிய உடலில் மஞ்சள் வரி ஓடும் அந்தச் சிற்றுயிர், குழாயடிச் சேற்றை உருட்டி வாயில் கவ்விக்கொண்டு வரும். அறை அறையாய்க் கட்டும். சிலந்திகளைக் கொட்டி அசைவறச் செய்து உள்ளே அடுக்கும். மேலே ஒரு முட்டையிட்டு வாயை மண்ணால் மூடிவிட்டுப் போய்விடும். பிறக்கப் போகும் பிள்ளைக்குச் சோறு வைத்துக் கதவடைத்துச் செல்லும் தாயைப் போல் அது இருப்பதாக அவளுக்குத் தோன்றும். பெயர் வந்ததற்கு இது ஒரு காரணம். யாரேனும் சீண்டினால் அவள் திரும்பச் சொல்லும் சொல் இன்னொரு காரணம்.

அவள் தாய் ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை செய்தாள். அண்ணன் பொட்டலங்கள் கொண்டு சேர்க்கும் சிறு வண்டியோட்டினான். தந்தை இல்லை. விடுமுறை வந்தால் குளவியும் தாயோடு சலவைக்கூடத்துக்குப் போவாள். ஈரப் போர்வைகளை உதறி மடிப்பாள். அந்தக் கூலி வீட்டுக்கு வேண்டியிருந்தது. ஆய்வு செய்ய ஆசை என்று வெறும் ஆசையை மட்டும் வைத்துக்கொண்டு விடுமுறையைக் கழிக்கும் வசதி அந்த வீட்டில் இல்லை.

ஆகவே கல்லூரிக் கணினி அறையில் அவள் தேடித் திரிந்தாள். இளநிலை மாணவருக்கு உதவித்தொகையும் தங்குமிடமும் தந்து, விடுமுறையில் ஆய்வகத்தில் சேர்த்துக்கொள்ளும் திட்டம் எங்கேனும் உண்டா என்று ஆய்வு நிறுவனங்களின் பக்கங்களைப் புரட்டினாள். பல இடங்களில் மேற்படிப்பு மாணவருக்கு மட்டும் என்றிருந்தது. சில இடங்களில் தொகை இல்லை, வேலை மட்டும் உண்டு. கடைசியில் பூச்சியியல் நிறுவனம் ஒன்றில் அவள் தேடியது அப்படியே இருந்தது. ஒவ்வொரு கல்லூரியும் ஒருவரைப் பரிந்துரைக்கலாம். அந்த ஒருவராய் அமைந்தால் விடுமுறைக் கூலிக்கு ஈடாகத் தொகை வரும். மேற்படிப்புக்கு வாசலும் திறக்கும். அமையாவிட்டால் மறுபடியும் போர்வை மடிப்புதான்.

அவள் வகுத்த திட்டம் எளியது, அழகியது. கல்லூரி வளாகத்தில் பல குழாய்கள். ஒவ்வொன்றின் அடியிலும் வெவ்வேறு மண். குளவி எந்தச் சேற்றைத் தேர்கிறது? அந்தத் தேர்வால் குஞ்சு பிழைப்பது கூடுகிறதா? இவ்வளவே கேள்வி. எழுதி எடுத்துக்கொண்டு துறைத்தலைவர் அறைக்குப் போனாள்.

மாணவர்கள் அவருக்கு முத்திரையார் என்று பெயர் வைத்திருந்தார்கள். எதைக் கேட்டாலும் துறை முத்திரை வேண்டும் என்பார். முத்திரை அவர் மேசை இழுப்பறையில் பூட்டிக் கிடக்கும். வாசலில் எந்நேரமும் யாரேனும் கையில் காகிதத்தோடு காத்து நிற்பார்கள். அந்தக் கூட்டம் குறைந்த நாளில் அவருக்குச் சோறு இறங்காது என்று ஒரு பேச்சு உண்டு.

"என்னம்மா, குளவி பிடிக்கப் போறியா?" என்றார்.

"பிடிக்கப் போறதில்ல சார். பார்க்கப் போறேன்."

"பார்க்கிறதுக்கு எவன் காசு தரான்? சரி, எல்லாம் துறை வழியாத்தான் போகணும், தெரியுமில்ல? வெச்சுட்டுப் போ. பாத்துச் சொல்றேன்."

அடுத்த வாரம் போனாள். "பாத்துட்டே இருக்கேன்" என்றார். அதற்கடுத்த வாரம் போனாள். "அவசரப்படாதேம்மா, நல்ல காரியம் நிதானமாத்தான் நடக்கும்" என்றார். மறுபடி போனபோது முகத்தில் இரக்கம் வழிய நிமிர்ந்து பார்த்தார்.

"கடைசித் தேதி முடிஞ்சிடுச்சேம்மா! முன்னாடியே ஞாபகப்படுத்தியிருக்கக் கூடாதா?"

அவள் வெளியே வந்தாள். அப்போதுகூட அது சோம்பல் என்றே எண்ணினாள். சோம்பலை மன்னிக்கலாம் என்றும் எண்ணினாள்.

சில நாள் கழித்து நண்பகலில் பின்சுவருக்குப் போனபோது அங்கே ஏணி சாத்தியிருந்தது. ஏணியின் மேல் ஒருவன் வண்ணம் சுரண்டும் தகட்டால் சன்னல் விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தான். முத்திரையாரின் தங்கை மகன். அவள் வகுப்பில் கடைசி வரிசையில் உறங்குபவன். மருமகப்பிள்ளை என்று எல்லோரும் கேலி செய்வது அவனைத்தான். அவள் நாள்தோறும் பார்த்து வந்த கூடுகள் உடைந்து தரையில் கிடந்தன. பிளந்த அறைகளிலிருந்து வெளிறிய புழுக்கள் வெயிலில் நெளிந்தன.

"என்ன பண்றே?"

"ஆராய்ச்சி" என்றான், திரும்பாமலே. "குளவி எந்தச் சேறு எடுக்குதுன்னு. பூச்சி நிறுவனத்துல என்னைத்தான் எடுக்கப் போறாங்க. மாமா அனுப்பிட்டாரு."

"எந்தச் சேறு எடுக்குதுன்னா?"

"ஆமா. மாமாதான் யோசிச்சாரு. ஏய் குளவி, இந்தப் பக்கம் நல்லாக் கெட்டியா இருக்கிற கூடு எங்க இருக்கு? இதெல்லாம் கை வெச்சாலே உதிருது."

அவன் கண்ணில் கள்ளம் இல்லை. மாமா யோசித்ததாகவே நம்பியிருந்தான். ஆனால் அவள் காலடியில் புழுக்கள் துடித்துக்கொண்டிருந்தன. அவள் குனிந்து ஒவ்வொன்றாய் எடுத்து நிழலில் வைத்தாள். பிழைக்கா என்று தெரிந்தும் வைத்தாள். அந்த நேரத்தில் அவளுக்குள் ஏதோ ஒன்று இறுகி, வாய் மூடி, காய்ந்தது.

வீட்டில் சொன்னபோது அண்ணன் குதித்தான்.

"வா, இப்பவே போவோம். அந்த ஆளு கதவு முன்னாடி வண்டிய நிறுத்தி ஹாரன் அடிக்கிறேன். சாயங்காலம் வரைக்கும் அடிக்கிறேன்."

"போலீஸ் வரும்டா."

"வரட்டும். அவங்களும் கேக்கட்டும்."

தாய் சோறு பிசைந்த கையோடு நிமிர்ந்தாள். "சின்னவளே, புகார் குடுத்தா யாருகிட்ட குடுப்பே? அதுக்கும் துறை முத்திரை வேணும்னுதானே சொல்லுவான்?"

மூவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகும் குளவியின் சினம் அடங்கவில்லை.

ஒரு விடுமுறை நாள் வந்தது. தாய்க்கு உதவச் சலவைக்கூடம் போனாள். வெள்ளைப் போர்வைகள் மஞ்சளடிக்காமல் இருக்கத் தாய் நீலப்பொடியைத் தொட்டியில் கரைத்துக்கொண்டிருந்தாள். ஒரு சிட்டிகை விழுந்ததும் நீர் முழுதும் வானமாய் மாறியது. குளவி வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"போர்வையை உதறுடி, தொட்டியையே பாத்துட்டு நிக்கிறே."

"அம்மா, இதுல கொஞ்சம் எடுத்துக்கட்டுமா?"

"உன் துணி என்னைக்கு வெள்ளையா இருந்துச்சு, நீலம் போட?"

கேட்டாளே தவிர, தாய் ஒரு காகிதத்தில் மடித்தும் கொடுத்தாள்.

மறுநாள் ஆய்வுக்கூடத்துப் பின்னாலுள்ள குழாயடியில் அந்தப் பொடியைச் சேற்றோடு குழைத்துவிட்டாள். நண்பகலுக்குள் குளவிகள் வந்தன. நிறம் பாராமல் உருட்டிச் சென்றன. வாரம் முடிவதற்குள் சன்னல் விளிம்பில் கடல் நீலத்தில் ஒரு கூடு, அதன் பக்கத்தில் இன்னொன்று.

அவள் எதையும் மறைக்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். குழாயடி திறந்தவெளியில் இருந்தது. சேறு நீலமாய்ப் பளிச்சென்று கிடந்தது. சேற்றைப் பற்றி ஆராய்வதாகச் சொன்னவர்கள் ஒரு நாளாவது அந்தச் சேற்றைக் குனிந்து பார்த்திருந்தால் தப்பித்திருப்பார்கள். ஒவ்வொரு நாளும் புதிதாய் ஒரு சிட்டிகை சேர்க்கும்போது, 'இன்றைக்கு ஒரு வாய்ப்புத் தருகிறேன்' என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டாள். வருவார்களோ என்று அஞ்சினாள் என்பதும் உண்மை. அவர்கள் வரவில்லை. அங்கே வந்தால் காலணி அழுக்காகும்.

நீலக் கூட்டை முதலில் கண்டவன் மருமகப்பிள்ளை. கத்திக்கொண்டே ஓடினான். முத்திரையார் வந்தார், கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"நீலம்!" என்றார், கோயிலில் நிற்பவர் குரலில். "இது புது இனம்டா. உலகத்துலயே இல்லாத இனம். இதுக்கு நம்ம பேரையே வெக்கலாம்."

"என் பேரா மாமா?"

"யார் பேர்னு அப்புறம் பாத்துக்கலாம்."

அங்கே நின்றிருந்த குளவியை மருமகப்பிள்ளை கேட்டான். "நீ இவ்ளோ நாளா பாக்கிறியே, இந்த மாதிரி பாத்திருக்கியா?"

"நான் என்னத்தைக் கண்டேன்? நீங்கதானே ஆய்வாளர்" என்றாள்.

"கேட்டியா? அவளுக்கே தெரியல!" என்றார் மாமா.

நிறுவனத்துக்குச் செய்தி பறந்தது. மாணவரைத் தேர்வு செய்ய வருகிற குழு இந்த ஆண்டு இந்தக் கல்லூரிக்கே நேரில் வர வேண்டும், அரிய கண்டுபிடிப்பொன்று காத்திருக்கிறது என்று முத்திரையார் அழைத்தார். கல்லூரி முதல்வரையும் முன்வரிசையில் அமர்த்தினார். நாற்காலிகளை வரிசைப்படுத்தவும் விளக்கைப் பிடிக்கவும் குளவியையே நியமித்தார். "நீ பூச்சி பிரியை ஆச்சே, பக்கத்துல நின்னு பாத்துக்கோ" என்று பெரிய மனது காட்டினார்.

குழுவின் தலைவி நரை கலந்த கூந்தலைக் கொண்டையிட்ட பூச்சியியல் அறிஞர், அதிகம் பேசாதவர். கண்ணாடிப் பேழைக்குள் பட்டுத்துணியின் மேல் நீலக் கூடுகள் வீற்றிருந்தன. முத்திரையார் முழங்கினார். இந்த இனம் தன் உமிழ்நீரால் மண்ணை நிறம் மாற்றுகிறது என்றார். பகையை அச்சுறுத்த நீலம் பூசிக்கொள்கிறது என்றார். பல்லாண்டு உற்றுநோக்கலின் பயன் இது என்றார். மருமகப்பிள்ளை தலையாட்டினான்.

அறிஞர் கூட்டைக் கையில் எடுத்தார். விரல் நுனியை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, கூட்டின் மேல் மெல்லத் தேய்த்தார். விரல் நீலமானது. அதை ஒரு கணம் பார்த்தார்.

"இந்தக் குளவி மண் எடுக்கிற இடம் எது?"

முத்திரையார் மருமகனைப் பார்த்தார். மருமகன் கூரையைப் பார்த்தான்.

"மண்ணைப் பத்தின ஆய்வுன்னுதானே எழுதியிருந்தீங்க? எந்த இடம்?"

"அது... வளாகத்துல... பல இடம்..."

அறிஞர் எழுந்து நடந்தார். குழு எழுந்தது, முதல்வர் எழுந்தார், மாணவர் கூட்டம் பின்தொடர்ந்தது. கட்டடத்தைச் சுற்றிப் பின்புறம் வந்ததும் குழாயடி கண்ணில் பட்டது. வெயிலில் அது நீலக் குளமாய் மின்னியது. குளவி ஒன்று சாவதானமாய் அதில் இறங்கி, உருண்டை உருட்டிக்கொண்டு, முத்திரையாரின் காதோரமாய்ப் பறந்து போனது.

முத்திரையார் முகத்தில் ஈயாடவில்லை. என்ன நேர்ந்தது என்று பார்க்க முன்னே பாய்ந்தவர், மெருகேற்றிய காலணியோடு சேற்றில் இறங்கிவிட்டார். அவரைப் பிடிக்கப் போன மருமகனும் இறங்கினான். இருவரும் அவைக்குத் திரும்பிய வழியெங்கும் நீலக் காலடிகள் பதிந்தன. வழவழத்த வெள்ளைத் தரையில் அவை நெடுநாள் போகவில்லை. துடைக்கத் துடைக்க நீலம் பரவியதாகத் துப்புரவுத் தொழிலாளி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கடைசி வரிசையிலிருந்து எவனோ கத்தினான்: "சார், இது எந்த இனத்துக் காலடி?"

அந்தச் சிரிப்பைக் குளவி கண்களை மூடிக் கேட்டாள். தேன் குடிப்பவளைப் போலக் கேட்டாள்.

"யார் செஞ்சது?" என்றார் அறிஞர்.

"நான்தான் மேடம்."

முத்திரையார் உயிர் வந்தவராய் விரலை நீட்டினார். "பாத்தீங்களா! சதி! எங்க ஆய்வைக் கெடுக்க..."

"உங்க ஆய்வா சார்?" என்றாள் குளவி. "எந்தச் சேத்தைக் குளவி எடுக்குதுன்னு உங்க மேசையில வெச்சது யாரு? இத்தனை பேர் முன்னாடி சொல்லுங்க. மருமகப்பிள்ளைகிட்ட கேக்கல, அவனுக்கு ஒண்ணும் தெரியாது. உங்ககிட்டதான் கேக்கிறேன்."

மருமகப்பிள்ளை மெதுவாக மாமாவைத் திரும்பிப் பார்த்தான். "நீங்கதானே யோசிச்சதா சொன்னீங்க மாமா?" என்றான். முதல்வர் தலை குனிந்துகொண்டார். அதற்கு மேல் சான்று எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அறிஞர் குளவியைத் தனியே அழைத்துப் போனார். பாராட்டு வரும் என்று அவள் நினைத்திருக்கலாம். வந்தது வேறு.

"ஆய்வு பண்ண விரும்புற பொண்ணு, பொய்யான ஒண்ணைக் கண்ணெதிர்ல வளர விடலாமா?"

"அது ஆய்வு இல்ல மேடம், திருட்டு. ஆய்வை நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

அறிஞரின் உதடு சற்றே அசைந்தது. சிரிப்போ சினமோ தெரியவில்லை. "சரி. மண்ணுக்கு நிறம் போட்டா எந்தக் குழாய்லேர்ந்து வருதுன்னு கண்டுபிடிச்சிடலாம். நல்ல வழிதான். அந்த நீலச் சேத்துக்குள்ள குஞ்சு பிழைக்குதா?"

அவளுக்கு விடை தெரியவில்லை.

ஒவ்வொரு நாளும் குழாயடிக்குப் போனவள், ஒவ்வொரு நாளும் அவர்கள் வருகிறார்களா என்றுதான் பார்த்தாள். கூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு முறையும் பார்க்கவில்லை. தரையில் துடித்த புழுக்களுக்காகப் பழி வாங்கப் புறப்பட்டவள், அதே போன்ற புழுக்களை நீலத்துக்குள் அடைத்துவிட்டு மறந்திருந்தாள். அன்று முதல்முறையாக அவள் தலை தாழ்ந்தது.

"தெரியாது மேடம்."

"இந்தக் கல்லூரிக்கு இந்த வருஷம் இடம் கிடையாது. உனக்கும்தான். ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. எங்க ஆய்வகத்துக்குத் தனி நிதி இருக்கு. அதுக்கு மாணவரே நேரா எழுதலாம், எந்த முத்திரையும் வேண்டாம். குஞ்சு பிழைக்குதான்னு தெரிஞ்சா எழுது."

நீலக் கூடுகளை அவள் கண்ணாடிச் சாடிகளில் இட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி, வீட்டுச் சமையலறை அலமாரியில் வைத்தாள். விடுமுறை முழுதும் பகலில் போர்வை மடித்தாள். வீடு திரும்பியதும் சாடிகளின் முன் அமர்ந்தாள்.

"உப்பு எடுக்கப் பயமா இருக்குடி" என்றாள் தாய்.

"அது ஒண்ணும் பண்ணாதும்மா."

"நீயும் அப்படித்தான் சொல்லிட்டு இருந்தே. கடைசில ஒரு கல்லூரியையே நீலமாக்கிட்டே."

ஒரு காலை தாயின் குரல் வீடெங்கும் எழுந்தது. "சின்னவளே! ஓடி வா! வெளிய வருது!" நீல மண்ணை உள்ளிருந்தே கரைத்துத் துளைத்துக்கொண்டு, கரிய தலை ஒன்று எட்டிப் பார்த்தது. பின் மஞ்சள் வரி. பின் ஈரச் சிறகு. அண்ணன் சட்டைப் பொத்தான் போடாமல் ஓடி வந்தான். "எங்க நீலம்? கறுப்பா இருக்கே! முத்திரையாருக்குத் தெரிஞ்சா அழுவார்" என்றான். குளவி சிரித்தாள். பிறகு முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதாள். எல்லாம் பிழைக்கவில்லை, பெரும்பாலானவை பிழைத்தன. இறந்தவற்றையும் ஒளிக்காமல் எழுதி அனுப்பினாள். ஆய்வகத்திலிருந்து அழைப்பு வந்தது; தங்குமிடமும் தொகையும் உண்டு என்றிருந்தது. அடுத்த விடுமுறையில் தாய் தனியாகப் போர்வை மடித்தாள். மனமுவந்து மடித்தாள்.

பழி அத்தோடு முடிந்ததென்று எண்ணுபவர்கள் மறவாமையை அறியாதவர்கள். மூன்றாம் ஆண்டில் திரும்பி வந்த குளவி, நண்பகல்தோறும் முத்திரையார் அறைக்கு நேரெதிரேயுள்ள படிக்கட்டில் அமர்ந்தாள். யார் வந்து கேட்டாலும் சொன்னாள்: எந்த நிறுவனம் இளநிலை மாணவருக்குத் தொகை தருகிறது, எந்த ஆய்வாளரிடம் தனி நிதி உண்டு, முதல் கடிதம் எப்படிச் சுருக்கமாக இருக்க வேண்டும், பதில் வராவிட்டால் எப்போது மறுபடி எழுதலாம். "அவருகிட்ட போகணுமா அக்கா?" என்று புதியவள் ஒருத்தி கதவைக் காட்டினால், "எதுக்கு? அங்க சேறு இருக்கு, கால் வழுக்கும்" என்பாள். கதவு திறந்தேயிருக்கும், உள்ளிருப்பவருக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்கும்.

வாசலில் கூட்டம் குறைந்தது. பின் நின்றது. பதவி போகவில்லை, ஊதியம் குறையவில்லை; அவரிடம் எவரும் எதையும் கேட்க வரவில்லை, அவ்வளவே. முத்திரை இழுப்பறைக்குள் மை உலர்ந்து கிடந்தது. ஒரு நாள் அவரே வெளியே வந்து, படிக்கட்டில் அமர்ந்திருந்தவளைப் பார்த்து, "என்னம்மா, ஏதாவது கையெழுத்து வேணுமா?" என்று கேட்டார். குரலில் அதிகாரம் இல்லை. அவர் சன்னல் விளிம்பில் குளவியொன்று கூடு கட்டத் தொடங்கியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"வேண்டாம் சார்" என்றாள். "ஞாபகப்படுத்தினதுக்கு நன்றி."

இன்று அவள் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்கு உழைக்கிறாள். தாய் சலவைக்கூடத்தை விட்டாயிற்று. அண்ணனின் வண்டிக்குப் பின்னால் நீலத்தில் ஒரு குளவிப் படம் ஒட்டியிருக்கிறது. எதையும் மறவாத பேரருளாளன் அந்த இல்லத்தையும் மறவாதிருப்பானாக. அவர்கள் அடுப்பு அணையாதிருக்க. அவர்கள் அலமாரியில் உப்போடு உயிரும் என்றும் பெருகியிருக்க. அவ்வீட்டுப் பிள்ளைகள் எவர் வாசலிலும் காகிதத்தோடு காத்து நில்லாதிருக்க. அவர்களுக்குத் தீங்கு நினைப்போர் எங்கு நடந்தாலும் அவர்தம் காலடிகள் நீலமாய்ப் பதிக.